அண்டார்டிகாவின் தலைகீழ்க் கண்டத்திட்டு

ஒன்பதாம் வகுப்பில் நீர்க்கோளம் பாடம் நடத்தும்போது நாம் எல்லோரும் கரும்பலகையில் வரையும் படம் ஒன்று உண்டு. இடப்பக்கம் கரை. அங்கிருந்து மெல்லச் சரியும் கண்டத்திட்டு. அது முடிகிற இடத்தில் செங்குத்தாக இறங்கும் கண்டச்சரிவு, அதன் அடியில் கண்ட உயர்ச்சி, அதற்கப்பால் ஆழ்கடல் சமவெளி. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக ஆழம் கூடும். திட்டின் விளிம்பில் ஆழம் ஏறத்தாழ 100 முதல் 200 மீட்டர் இருக்கும். சோழமண்டலக் கரைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இந்தப் படம் பொருந்தும். உலகின் பெரும்பாலான கரைகளுக்கும் பொருந்தும்.

ஒரு கண்டத்துக்கு மட்டும் பொருந்தாது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கண்டத்திட்டின் சராசரி ஆழமே சுமார் 500 மீட்டர். அதைவிட வியப்பு, அங்கே கரைக்குப் பக்கத்தில்தான் ஆழம் அதிகம். உட்பகுதியில் சில பள்ளங்கள் 1000 மீட்டரையும் தாண்டுகின்றன. கடலை நோக்கிப் போகப் போகத் தரை மேலேறி, விளிம்பில்தான் திட்டு ஓரளவு ஆழம் குறைகிறது. நம் படத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல், சரிவு நிலத்தை நோக்கி இருக்கிறது.

இதைச் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "அங்க யாரு டீச்சர் இறங்கிப் பார்த்தது?" கம்பம் பள்ளத்தாக்கில், அனுமந்தன்பட்டியில் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் பலர் கடலையே பார்த்ததில்லை. அவர்களிடமிருந்து வந்த இந்தக் கேள்வி பாடத்தின் நடுவே வைக்கத்தக்கது என்று நினைக்கிறேன். ஆழ்கடலைப் பற்றிப் பாடநூல் சொல்வதில் கண்ணால் கண்டது மிகச் சொற்பம். மற்றதெல்லாம் அளந்து, கணக்கிட்டு, ஊகித்துச் சரிபார்த்தது.

நான்கு கம்பியும் ஒரு மீட்டரும்

எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் போர் போடுவதற்கு முன் 'பாயிண்ட்' பார்ப்பது வழக்கம். இரண்டு வகையாகப் பார்ப்பார்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது எழுந்து நிற்கும் இடத்தைக் காட்டுபவர் ஒருவர். நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் மண்ணில் அடித்து, வயரை இழுத்து, ஒரு பெட்டியில் எண்களைப் பார்த்து எழுதிக்கொள்பவர் இன்னொருவர். பிள்ளைகள் இரண்டையும் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாமவர் செய்வது புவி இயற்பியல் ஆய்வு. வெளிக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரத்தை மண்ணுக்குள் செலுத்தி, உள் கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார். ஈரமான விரிசல் பாறையில் மின்சாரம் எளிதாகப் பாயும், காய்ந்த கெட்டிப் பாறையில் பாயாது. கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட இன்னும் ஆழத்தின் செய்தி கிடைக்கும். தரையைத் தோண்டாமலே அடியில் இருப்பதைக் கணிக்கிறார். அவர் எழுதிய எண்களை வேறொருவர் எடுத்துப் பார்த்து, "இந்தக் கணிப்பு சரியில்லை" என்று வாதாடவும் முடியும். தேங்காய்க்காரரிடம் அது முடியாது. அறிவியல் ஆய்வு என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கடலிலும் கதை இதுதான். அங்கே முதல் கருவி மின்சாரத்துக்குப் பதிலாக ஒலி. கப்பலின் அடியிலிருந்து ஒரு ஒலித்துடிப்பு கீழே போகிறது, தரையில் பட்டுத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். எதிரொலி 0.8 நொடியில் வந்தால் ஒலி போய்வந்த தூரம் 1200 மீட்டர், ஆகவே ஆழம் 600 மீட்டர். ஏழாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. இப்போதைய ஆய்வுக் கப்பல்களில் உள்ள பல்கற்றை எதிரொலிமானி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கற்றைகளை விசிறிபோல் விரித்து அனுப்புகிறது. கப்பல் நகர நகர, அகலமான பட்டையாகக் கடலடியின் மேடுபள்ளம் பதிவாகிறது.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஆழமாக ஊடுருவும் தடித்த ஒலி வேண்டும். அதற்கு 'ஏர்கன்' எனும் கருவி அழுத்திய காற்றைச் சட்டென்று நீரில் வெளிவிடுகிறது. அந்த அதிர்வு மண்படிவு, பாறை என ஒவ்வொரு அடுக்கின் எல்லையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நீண்ட கேபிளில் வரிசையாக இருக்கும் ஹைட்ரோபோன்கள் அதைக் கேட்கின்றன. கூடவே ஒரு காந்தமானியைக் கப்பலின் இரும்பு தொந்தரவு செய்யாத தொலைவில் இழுத்துச் செல்வார்கள். கப்பலுக்குள் ஈர்ப்புமானி ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் கனமான குழாயைக் கடலடியில் குத்தி, சேற்றை அடுக்குக் குலையாமல் எடுப்பார்கள். ஒலி சொன்னதைக் கையில் எடுத்துச் சரிபார்ப்பது அந்தச் சேறுதான்.

துருவக் கடலில் இவை எல்லாவற்றுக்கும் இடைஞ்சல். செப்டம்பரில் அண்டார்டிகாவைச் சுற்றி ஏறத்தாழ 1.8 கோடி சதுர கிலோமீட்டர் கடல் உறைந்து கிடக்கும். பிப்ரவரியில் அது 30 லட்சம் அளவுக்குச் சுருங்கும். எனவே டிசம்பர் முதல் மார்ச் வரைதான் வேலை. மிதக்கும் பனிக்கட்டி கேபிளை அறுத்துவிடும் என்பதால் பல இடங்களில் குட்டையான கேபிளோடு திருப்தி அடைய வேண்டும். இன்னொரு சிக்கல் எனக்குப் பிடித்தமானது. பனி பல்லாயிரம் ஆண்டுகள் ஏறி அழுத்தியதால் அங்குள்ள திட்டின் தரை இறுகிக் கெட்டியாகிவிட்டது. ஒலி அந்தக் கெட்டித் தரைக்கும் நீரின் மேற்பரப்புக்கும் இடையே பந்துபோல் மீண்டும் மீண்டும் துள்ளி, பொய் எதிரொலிகளை உண்டாக்குகிறது. பதிவில் பார்த்தால் அடியில் இன்னொரு தரை இருப்பதுபோலவே தெரியும். அது முதல் எதிரொலியின் நேரத்துக்குச் சரியாக இரு மடங்கில் வருவதை வைத்துத்தான் பொய்யைப் பிடிக்கிறார்கள்.

கப்பல் போக முடியாத இடங்களுக்கு யானை சீல்கள் போகின்றன. அவற்றின் தலையில் ஒட்டிய சிறு கருவி, முங்கிய ஆழத்தையும் நீரின் வெப்பத்தையும் பதிந்து செயற்கைக்கோளுக்கு அனுப்பும். வரைபடம் காட்டிய ஆழத்துக்கும் கீழே சீல் போய்வந்திருந்தால், வரைபடம் தவறு. இப்படித்தான் கிழக்கு அண்டார்டிகாவில் 2000 மீட்டருக்கும் ஆழமான ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பது அண்மையில் தெரியவந்தது.

சரிவு திரும்பியது எப்படி?

முதலில் தோன்றும் விடை, பனியின் எடை. அண்டார்டிகாவின் மேல் சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி இருக்கிறது. மெத்தையில் ஆள் உட்கார்ந்ததுபோல் கண்டமே கீழே அமுங்கியிருக்கிறது. இது உண்மைதான். ஆனால் சரிவு நிலத்தை நோக்கி இருப்பதற்கு இது மட்டும் போதாது.

கண்மாய் தூர்வாருவதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினால் மீதி விடை வந்துவிடும். ஜேசிபி உள்ளே தோண்டுகிறது, எடுத்த மண்ணைக் கரையில் கொட்டுகிறது. உள்ளே பள்ளம், ஓரத்தில் மேடு. கடந்த ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளில் பனியாறுகள் பலமுறை திட்டின் விளிம்புவரை முன்னேறி, பின்வாங்கியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் உட்பகுதியைச் சுரண்டி, அந்தச் சேற்றையும் கல்லையும் தள்ளிக்கொண்டு போய் விளிம்பிலும் சரிவிலும் கொட்டின.

இதற்குச் சிறந்த சாட்சி கிழக்கு அண்டார்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடா. அந்த விரிகுடாவின் கரையில்தான் லார்ஸ்மன் குன்றுகளில் நம் நாட்டின் 'பாரதி' ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்குகிறது. உலகின் மிகப் பெரிய பனியாறுகளுள் ஒன்றான லாம்பர்ட், ஏமரி மிதக்கும் பனித்தட்டின் வழியாக இந்த விரிகுடாவில் வந்து சேர்கிறது. 1987-88இலும் பிறகு 2000ஆம் ஆண்டிலும் 'ஜாய்டிஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் இங்கே வேலை செய்தது. முன்பே எடுத்த ஒலிப்பதிவுகளை வைத்துத்தான் எங்கே துளையிடுவது என்று முடிவு செய்தார்கள். நம் போர் வண்டிக்கு முன் பாயிண்ட் பார்ப்பவர் வருவதுபோல. மேலே பனி அரைத்துக் கொண்டுவந்த கல்லும் களிமண்ணும். அதற்குக் கீழே பனிக்காலத்துக்கு முந்திய ஆற்றுப் படிவும் செடிகளின் எச்சமும். பனிக் கண்டத்தில் செடி வளர்ந்ததற்கும், பிறகு பனி வந்து மூடியதற்கும் ஒரே துளையில் சான்று.

இந்தத் தலைகீழ்ச் சரிவு ஏன் முக்கியம்? வெந்நீர் மேலே வரும், குளிர்ந்த நீர் கீழே போகும் என்று கற்றுக்கொடுத்திருக்கிறோம். அண்டார்டிகக் கடலில் உப்பு அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது. மேலே உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். அதற்குக் கீழே உப்பு மிகுந்ததால் கனமான, ஆனால் ஒன்றிரண்டு பாகை வெப்பம் கூடிய நீர். இந்த ஆழ்நீர் திட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு பள்ளத்தில் புகுந்துவிட்டால், சரிவு நிலத்தை நோக்கி இருப்பதால் அது நேராகப் பனியின் அடிவாரத்துக்கே வழிந்து போகும். அங்கே பனி தரையைத் தொட்டு நிற்கும் கோட்டை அடியிலிருந்து அரிக்கும். கோடு பின்வாங்கினால் அது இன்னும் ஆழமான இடத்துக்குப் போகிறது. ஆழமான இடத்தில் பனியும் தடிமன். தடித்த பனி கடலுக்குள் வேகமாக வடியும். அதனால் கோடு மேலும் பின்வாங்கும். நம் கரும்பலகைப் படத்தில் உள்ள சரிவாக இருந்தால், பின்வாங்கும் பனி மேட்டில் ஏறி நின்றுவிட வாய்ப்புண்டு.

கண்டத்தின் மறுபக்கம், மேற்கு அண்டார்டிகாவில் இருக்கும் த்வைட்ஸ் பனியாற்றைப் பற்றி உலகம் கவலைப்படுவது இதனால்தான். அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 செ.மீ. உயரும். 2019இல் 'நதானியல் பி. பால்மர்' கப்பல் அதன் முகப்பில் கடலடியை அளந்து, வெப்ப நீர் உள்ளே போகும் ஆழமான வாய்க்கால்களை வரைபடமாக்கியது. அதே பயணத்தில் 'ரான்' என்ற ஆளில்லா நீர்மூழ்கியும் இறக்கப்பட்டது. சுமார் 700 மீட்டர் ஆழத்தில், தரைக்குச் சற்று மேலே ஊர்ந்தபடி அது ஒலியால் படமெடுத்தது.

அந்தப் படத்தில் 160க்கும் மேற்பட்ட சிறு வரப்புகள் தெரிந்தன. ஒன்றுக்கொன்று இணையானவை, ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. வயலில் ஏர் ஓட்டிய தடம் மாதிரி. ஆய்வாளர்கள் யோசித்துக் கண்டது இது: கடல் ஓதம் ஏறும்போது பனியின் விளிம்பு தரையை விட்டுத் தூக்கும், இறங்கும்போது மீண்டும் உட்கார்ந்து சேற்றை அமுக்கும். ஒரு நாளைக்கு ஒரு வரப்பு. வரப்புகளுக்கு இடையே உள்ள தூரம் அன்றன்றைக்குப் பனி பின்வாங்கிய தூரம். கூட்டிப் பார்த்தால், கடந்த 200 ஆண்டுகளுக்குள் ஏதோ ஒரு சமயத்தில், ஆறு மாதத்துக்கும் குறைவான காலத்தில் பனி ஆண்டுக்கு 2.1 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பின்வாங்கியிருக்கிறது. செயற்கைக்கோள்கள் அங்கே கண்ட வேகத்தைவிட அதிகம். மனிதர் எவரும் பார்க்காத அந்த ஆறு மாதம் கடலடிச் சேற்றில் நாட்குறிப்பாகக் கிடந்திருக்கிறது. ரான் பிறகு 2024இல் வேறொரு பனித்தட்டின் அடியில் சென்று திரும்பவேயில்லை.

நம் கரையின் மறுபாதி

கண்ட நகர்வுப் பாடத்தில் கோண்டுவானா நிலத்தைப் படத்தில் காட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம். இந்தியாவின் கிழக்குக் கரையும் கிழக்கு அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரியத் தொடங்கின. பிரிந்தபோது நடுவில் புதிய கடல்தரை உருவானது. எரிமலைக் குழம்பு உறையும்போது அன்றைய புவிக் காந்தத்தின் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் இருபக்கமும் வரிவரியாகக் காந்தத் தடம் பதியும். வரிகளை எண்ணினால் பிரிந்த காலமும் வேகமும் தெரியும்.

வங்காள விரிகுடாவில் ஒரு தொல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தைக் கரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மண், அதன் வடபகுதியில் பல கிலோமீட்டர் தடிமனுக்கு மூடிக்கிடக்கிறது. காந்த வரிகள் மங்கிப் போய்விட்டன. எதிர்ப்பக்கம், அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்துக்கு வெளியே அவ்வளவு மண் இல்லை. நம் கரை பிறந்த கதையைப் படிக்க, அங்கே போய் அளப்பது உதவுகிறது. 2001, 2002 ஆண்டுகளில் ஆஸ்திரேலியா அந்தக் கரையோரம் நெடுக ஒலி, காந்த, ஈர்ப்பு அளவீடுகளை எடுத்தது. 2009இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் வங்காள விரிகுடாவின் ஈர்ப்புத் தரவையும் எண்டர்பிப் படுகையின் தரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பிரிவின் தொடக்கத்தை ஆராய்ந்தார்கள். இடையில் கெர்கெலன் எரிமலைப் பீடபூமியை ஒட்டியிருக்கும் எலான் திட்டில் 1998-99இல் துளையிட்டபோது, எரிமலைப் பாறைக்கு நடுவே கண்டத்துக்கே உரிய நைஸ் கூழாங்கற்கள் கிடைத்தன. அது இந்தியக் கிழக்குக் கரையிலிருந்து பிய்ந்துபோன துண்டு என்பது பலரின் கருத்து.

லாம்பர்ட் பனியாறு ஓடும் பிளவுப் பள்ளத்தாக்கும் நம் மகாநதிப் பிளவும் ஒரே பிளவின் இரு துண்டுகள் என்று புவியியலாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே மலைகளில் பெர்மியன் காலத்து நிலக்கரி இருக்கிறது, ஒடிசாவின் தால்ச்சேரில் இருப்பதுபோல. பாறையும் சொந்தம் கொண்டாடுகிறது. எங்கள் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில் பரவலாக உள்ள சார்னோகைட் பாறைக்குப் பெயர் வந்தது, கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லிலிருந்து. அந்தக் கல் சென்னை பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. 1893இல் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர். அதே பெயர் கொண்ட பாறை அண்டார்டிகாவின் மாசன் கரையிலும் இருக்கிறது. பொட்டிப்புரம் மலையில் உடைந்த கல் ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து இதைச் சொல்லிப் பாருங்கள். பாடநூல் படம் செய்யாததை அந்தக் கல் செய்யும்.

இவ்வளவு அளப்பது எண்ணெய்க்கும் தாதுவுக்கும்தானே என்ற கேள்வி உயர்நிலை வகுப்பில் வரும். அண்டார்டிகாவில் ஆராய்ச்சி தவிர வேறெந்தக் கனிமச் செயலையும் 1991இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை தடைசெய்கிறது. அது 1998இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாடும் 2022இல் இந்திய அண்டார்டிகச் சட்டம் இயற்றியது. அதே 1991இல் ஒப்பந்த நாடுகள் இன்னொன்றும் செய்தன. அண்டார்டிகக் கடலில் ஏர்கன் கொண்டு எடுக்கும் பதிவுகளை நான்கு ஆண்டுகளுக்குள் ஒரு பொதுத் தரவு நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும், எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவை எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்பது ஏற்பாடு. ரகசியமாக வைத்துக்கொண்டால் ஆராய்ச்சி என்ற பெயரில் எண்ணெய் தேடுகிறார்கள் என்ற சந்தேகம் வரும் அல்லவா?

கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் நம் பயணங்களை நடத்துகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' பனிக்கடலின் ஓரம்வரை போகத்தக்க கப்பல். துருவ ஆய்வுக்கென்றே ஒரு கப்பலை நாட்டிலேயே கட்டுவதற்காக, கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் 2025இல் நார்வே நிறுவனம் ஒன்றுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு செருப்புப் பெட்டி போதும். உள்ளே களிமண்ணால் மேடும் பள்ளமும் அமைத்து மூடிவிடுங்கள். மூடியில் இரண்டு செ.மீ. இடைவெளியில் கட்டம் போட்டுத் துளையிட்டு, ஊதுவத்திக் குச்சியை இறக்கி ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். வரைபடத்தாளில் குறித்து நிறம் தீட்டட்டும். ஒரு குழுவுக்கு மட்டும் நான்கு செ.மீ. இடைவெளியில் துளை கொடுங்கள். எங்கள் வகுப்பில் அந்தக் குழுவின் வரைபடத்தில், நான் களிமண்ணில் கீறிவைத்திருந்த ஒடுங்கிய வாய்க்கால் வரவேயில்லை. பெட்டியைத் திறந்ததும், "எங்க துளைக்கு நடுவுல ஒளிஞ்சிருச்சு" என்றார்கள். த்வைட்ஸ் முன்னால் கப்பல் போவதற்கு முன்பிருந்த நிலையும் அதுதான்.

பிறகு உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் தெற்குப் பெருங்கடலின் பன்னாட்டு ஆழ வரைபடத்தைத் திறக்கலாம். 2013இல் முதல் பதிப்பும் 2022இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. இலவசம். அதனோடு இன்னொரு அடுக்கும் இருக்கிறது: எந்த இடம் கப்பல் அளந்தது, எந்த இடம் இரண்டு அளவுகளுக்கு நடுவே கணித்து நிரப்பியது என்று தனித்தனியே குறித்திருப்பார்கள். தெற்கு 69 பாகை, கிழக்கு 76 பாகை என்று பாரதியின் இடத்தைக் கொடுத்து அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் முதலில் தேடியது, அந்த விரிகுடாவில் எந்தெந்தக் கட்டத்தில் இன்னும் குச்சி இறங்கவில்லை என்பதைத்தான்.